அல்சூரில் தமிழர் எத்தனை பேர்? கணக்கு எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது

கேள்வி இது: "அமெரிக்காவில் இரண்டாயிரம் பேர் வாழும் ஊருக்குக்கூட வெள்ளையர் இத்தனை, கறுப்பர் இத்தனை, ஆசியர் இத்தனை என்று சதவீதக் கணக்கு கிடைக்கிறது. பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் பகுதிகளில் தமிழர் எத்தனை சதவீதம் என்று எங்கே பார்ப்பது? எங்கள் சங்க மலரில் போட வேண்டும்."

நேரடியாகச் சொல்கிறேன். அல்சூருக்கென்று அப்படி ஓர் அட்டவணை அச்சில் இல்லை, இணையத்திலும் இல்லை. பெங்களூரைவிட மிகச் சிறிய ஊரான கோலார் தங்கவயலுக்கு இருக்கிறது. இந்த வேறுபாடு ஏன் வந்தது என்று புரிந்துகொண்டால், எந்த எண்ணை நம்பலாம், எதை மலரில் போடக்கூடாது என்பது தெளிவாகும்.

அமெரிக்கக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். அங்கே 1997இல் வகுத்த விதிப்படி ஐந்து இனப்பிரிவுகள்: வெள்ளையர், கறுப்பர், அமெரிக்கப் பழங்குடியினர், ஆசியர், ஹவாய் உள்ளிட்ட பசிபிக் தீவினர். இவற்றுடன் "வேறு இனம்" என்று ஒன்றைக் கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். 2000 முதல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம். ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி நாடுகளின் மரபினர்) என்பது இனப்பட்டியலில் வராமல் தனிக்கேள்வியாக இருந்தது. அதனால்தான் பலரும் இன வரிகளோடு ஹிஸ்பானிக் வரியையும் கூட்டி, நூற்றுக்கு மேல் போகிறதே என்று திகைப்பார்கள். 2024இல் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க மரபினர் என்ற பிரிவையும் விதியில் சேர்த்தார்கள். இன்னொன்று: 2020 கணக்கில் தனிமனிதரை அடையாளம் காண முடியாதபடி எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்திருக்கிறார்கள். பெரிய நகரத்தில் அது தெரியாது. மிகச் சிறிய ஊரில் "பசிபிக் தீவினர் 3 பேர்" என்று இருந்தால், அந்த மூன்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நமக்கு முக்கியமானது வேறு. அந்த அட்டவணையில் தமிழர் என்று ஒரு வரி கிடையாது. தமிழரும் சீனரும் பிலிப்பினோக்களும் "ஆசியர்" என்ற ஒரே பிரிவில் வருவார்கள். இன்னும் விரித்துப் பார்த்தால் "ஏஷியன் இண்டியன்" வரை போகலாம். வீட்டில் பேசும் மொழியை அங்கே முழுக் கணக்கெடுப்பில் கேட்பதில்லை, சில வீடுகளை மட்டும் தேர்ந்து கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பில்தான் கேட்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்த்துப் பொறாமைப்பட்ட அட்டவணை, உங்கள் கேள்விக்கு அங்கேகூடப் பதில் சொல்லாது.

நம் நாட்டுக் கணக்கெடுப்பு "இனம்" என்ற கேள்வியையே கேட்பதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் மூக்கையும் மண்டையையும் அளந்து மக்களை இனங்களாகப் பிரிக்கும் முயற்சி நடந்தது. 1901 கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி அதில் தீவிரமாக இருந்தார். அந்தப் பகுப்புகளுக்கு இன்று அறிவியலில் இடமில்லை. முழுச் சாதிக் கணக்கு கடைசியாக வெளியானது 1931இல். 1951 முதல் பட்டியல் சாதி, பழங்குடி மட்டுமே பதிவாகின்றன. எனவே இங்கே ஓர் ஊரின் மக்கள் கலவையைப் பார்க்க நான்கு வழிகள்: தாய்மொழி, மதம், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி, பிறந்த இடம். நான்கும் நான்கு வெவ்வேறு கூட்டங்களை எண்ணுகின்றன. "தமிழர்" என்று நாம் சொல்வது இவற்றில் எதனோடும் முழுதாகப் பொருந்தாது.

தாய்மொழிதான் மிக நெருக்கமானது. 2011 கணக்கெடுப்பில் இது சி-16 என்ற அட்டவணை. மாநிலம், மாவட்டம், தாலுகா ஆகியவற்றுக்கு ஒரு கோப்பும், நகரங்களுக்கு வேறொரு கோப்பும் கணக்கெடுப்புத் துறைத் தளத்தில் எக்செல் வடிவில் இருக்கின்றன. கர்நாடகத்துக்கு மாநில எண் 29. நகரக் கோப்பில் கோலார் தங்கவயலைத் தேடினால் அந்தப் பெயரில் அகப்படாது. ராபர்ட்சன்பேட்டை என்று தேட வேண்டும். தாலுகாக் கோப்பில் தேடுவதானால் பங்காருபேட்டைக்குள் பார்க்க வேண்டும், 2011இல் தங்கவயல் தனித் தாலுகா ஆகவில்லை. ஊரின் வரிகளை எடுத்து, தமிழின் எண்ணை ஊரின் மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் சதவீதம் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அந்தக் கோப்பில் ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு அடுக்கு உண்டு. மேலே மொழியின் தலைப்பு வரி. அதன் கீழே அந்த மொழிக்குள் அடக்கிய தாய்மொழிகளின் வரிகள். தமிழ் என்ற தலைப்பின் கீழே தமிழ் என்றே இன்னொரு வரி வரும். கைக்காடி, எருக்கலா போன்றவையும் வரும். எல்லா வரிகளையும் கூட்டினால் ஊரின் மக்கள்தொகை இரட்டிப்பாகிவிடும். தலைப்பு வரிகளை மட்டும் எடுங்கள். குறியீட்டு எண் சுழியங்களில் முடிவதை வைத்து அவற்றை அடையாளம் காணலாம். தலைப்பு வரிகளின் கூட்டுத்தொகை ஊர் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுச் சதவீதம் போடுங்கள்.

எது எதற்குள் அடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மதுரையிலிருந்து வந்து பெங்களூரில் மூன்று தலைமுறையாக வாழும் சௌராஷ்டிரக் குடும்பம் "சௌராஷ்டிரம்" என்று சொன்னால், அது குஜராத்தி என்ற தலைப்புக்குள் போய்விடும். படுகு மொழி கன்னடத்துக்குள் போகும். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வந்த பல முஸ்லிம் குடும்பங்கள் உருது என்று சொல்வார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் தெலுங்கு என்பார்கள். இவர்களில் பலர் தமிழ்நாட்டு மண்ணின் மக்கள், கடைத்தெருவில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் தமிழ் வரியில் இருக்க மாட்டார்கள். அது பிழையல்ல. அவர்கள் சொன்னது அவர்களுடைய தாய்மொழி. சங்க மலரில் "தமிழர்" என்று எழுதாமல் "தாய்மொழி தமிழ் என்று சொன்னவர்கள்" என்று எழுதுவதுதான் நேர்மை.

இப்போது பெங்களூருக்கு வருவோம். அதே நகரக் கோப்பில் பெங்களூர் மாநகராட்சிக்கு ஒரே ஓர் இடம்தான். 84,43,675 பேர் ஒரே ஊராக நிற்கிறார்கள். அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் எல்லாம் அந்த எண்ணுக்குள் கரைந்துவிட்டன. பெங்களூர் நகர மாவட்டத்தை எடுத்தால், 2011இல் 96,21,551 பேரில் கன்னடத்துக்கு அடுத்து வருவது தமிழ், சுமாராக 15 சதவீதம். தெலுங்கும் உருதும் சற்றுப் பின்னால். கன்னடம் பாதிக்குக் கீழே. தாலுகா அளவில் இறங்கினாலும் வடக்கு, தெற்கு, கிழக்கு, ஆனேக்கல் என்று நான்கே வரிகள். ஒவ்வொன்றும் ஒரு பெருநகரத்தின் அளவு.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1809இல் ஆங்கிலேயப் படைக்காகத் தண்டு, அதாவது கண்டோன்மென்ட், அமைந்தது. படையோடு தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், சமையல்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், வணிகர்கள் என்று குடும்பம் குடும்பமாக வந்து அல்சூரிலும் பிளாக்பள்ளியிலும் குடியேறினார்கள். பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். 1881இல் மைசூர் அரசு உடையாரிடம் திரும்பியபோதும் தண்டு மட்டும் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. அதனால் கணக்கெடுப்பிலும் அதற்குத் தனி வரி. 1901இல் தண்டுக்கு வெளியே, பேட்டைப் பக்கத்துப் பழைய நகரத்தில் 69,447 பேர், தண்டில் 89,599 பேர். அந்தக் காலத்து மைசூர் கணக்கெடுப்பு அறிக்கைகளில் தண்டின் மதம், மொழி, சாதி, பிறந்த இடம் எல்லாவற்றையும் தனியே பார்க்க முடிகிறது. 1949இல் இரண்டையும் இணைத்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். இணைந்தபின் தண்டின் வரி போய்விட்டது. மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி இருந்த கோடுதான் அழிந்தது. மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்றால் அந்தப் பழைய அறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள், உறுதியான எண்கள் அங்கே இருக்கின்றன.

வார்டு அளவில் 2011இல் கிடைப்பது அடிப்படைச் சுருக்க அட்டவணை மட்டும்: வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, எழுத்தறிவு, வேலை. மொழியும் மதமும் அதில் இல்லை. பட்டியல் சாதி எண்ணை வைத்துத் தமிழரை ஊகிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஆதி திராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது, கரையோர மாவட்டங்களில் துளு பேசுபவர்களும் அந்தப் பெயரில் பதிவாகிறார்கள். மேலும், எந்த மாநிலத்தில் எண்ணுகிறார்களோ அந்த மாநிலப் பட்டியலில் சாதி இருந்தால்தான் அது கணக்கில் ஏறும்.

பிறந்த இட அட்டவணையும் அல்சூருக்கு உதவாது. தாத்தா காலத்தில் வேலூரிலிருந்து வந்த குடும்பத்தில் இன்று எல்லாரும் பெங்களூரில் பிறந்தவர்கள், அவர்கள் அதில் வரமாட்டார்கள். போன வருடம் சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்து பெல்லந்தூரில் குடியிருப்பவர் வருவார். பழைய தமிழரை விட்டுவிட்டுப் புதிய தமிழரை மட்டும் காட்டும் கணக்கு அது. இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. கரகத் திருவிழாவை நடத்தும் திகளர்களின் வேரைத் தமிழ்ப் பகுதியில் தேடுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பல வீடுகளில் இன்று தாய்மொழி கன்னடம். அவர்களைத் தமிழர் கணக்கில் சேர்ப்பது அவர்கள் சொல்லாததைச் சொல்வதாகும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்குமா என்றால், அதுவும் கடினம். இல்லாத அட்டவணையைப் புதிதாகத் தயாரித்துத் தர அந்தச் சட்டம் வற்புறுத்தாது. வீட்டு வீட்டுப் படிவங்களோ 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி யாருக்கும் திறக்கப்படாதவை.

வாக்காளர் பட்டியலை எடுத்துப் பெயரைப் பார்த்துத் தமிழர் என்று குறிப்பவர்களும் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதில் இல்லை, முகவரி மாறியவர்கள் பழைய இடத்திலேயே கிடப்பார்கள். பெரிய சிக்கல் பெயர்தான். மஞ்சுநாத் என்ற பெயர் தமிழ் வீட்டிலும் உண்டு, சுப்பிரமணி என்ற பெயர் கன்னட வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் உண்டு. தூய மரியன்னை ஆலயத்துக்குப் போகும் மேரியும் ஜோசப்பும் எந்த மொழி என்று பெயர் சொல்லாது. தெரு வாரியாக, ஆள் வாரியாக மொழி அடையாளம் போட்ட பட்டியல் ஒன்று தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை, 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைக் கண்ட ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு பட்டியலை உருவாக்கவே வேண்டாம்.

உண்மையிலேயே ஒரு பகுதிக்கு எண் வேண்டுமென்றால், சங்கமே மாதிரிக் கணக்கெடுப்பு எடுக்கலாம். நன்றாகச் செய்தால் நம்பத்தகுந்த எண் கிடைக்கும்.

பகுதியில் 10,000 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீதப் புள்ளி முன்பின்னாக எண் வேண்டுமென்றால் புள்ளியியல் பாடப்புத்தகம் 385 வீடுகள் என்று சொல்லும். அது கலந்து வாழும் மக்களுக்குப் பொருந்தும். அல்சூரில் தமிழ்க் குடும்பங்கள் தெருத் தெருவாகச் சேர்ந்து இருக்கின்றன. ஒரு தெருவில் பத்துக்கு எட்டு, அடுத்த தெருவில் பத்துக்கு ஒன்று. இப்படி இருந்தால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி 770 வீடுகள் எடுப்பது பாதுகாப்பு. ஒரு வீட்டில் ஐந்து பேர் என்று 154 வீட்டிலேயே 770 பேரை முடித்துவிடாதீர்கள், ஒரு வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மொழி. 10,000ஐ 770ஆல் வகுத்தால் 13. ஒன்றிலிருந்து பதின்மூன்றுக்குள் ஒரு சீட்டு எடுங்கள்; 5 வந்தால் 5, 18, 31 என்று ஒவ்வொரு பதின்மூன்றாவது வீடும் உங்கள் வீடு. பகுதியின் எல்லாத் தெருக்களையும் ஒரே தொடராக எண்ணி வர வேண்டும், தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்கக் கூடாது.

வீட்டை எண்ணும்போது வாசலை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். பழைய பகுதிகளில் வட்டாரா என்ற ஒண்டுக்குடித்தன வளவுகள் உண்டு. ஒரு கதவைத் தள்ளி உள்ளே போனால் எட்டுக் குடித்தனம். அதை ஒரு வீடாக எண்ணினால் ஏழைத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம் விட்டுப்போகும். எதிர்முனையில் அடுக்ககம்: காவலர் உள்ளே விடமாட்டார். அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பகலில் பூட்டிக் கிடப்பவை கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள். அவர்களை விட்டால் கணக்கு ஒரு பக்கம் சாயும். ஞாயிறு காலை, வேலைநாள் மாலை, இன்னொரு ஞாயிறு என்று மூன்று முறை போங்கள். அதற்குப் பின்பும் கிடைக்காவிட்டால் "பதில் இல்லை" என்று எழுதி, மலரில் அந்த எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள். இருவர் இருவராக ஐந்து சோடிகள், ஒரு சோடி ஒரு காலையில் 20 வீடு என்றால் ஒரு ஞாயிற்றுக்கு 100 வீடு. மறுமுறை போவதையும் சேர்த்துப் பத்து ஞாயிறு பிடிக்கும்.

சோடியில் ஒருவருக்காவது நல்ல கன்னடம் வரவேண்டும், முடிந்தால் ஒருவருக்கு உருதும். தமிழ்ச் சங்க அட்டையை மாட்டிக்கொண்டு தமிழில் பேச்சைத் தொடங்கினால், இரண்டு மொழிக் குடும்பங்கள் தமிழ்ப் பக்கம் சாய்ந்து பதில் சொல்வார்கள். கன்னடத்தில் தொடங்கினால் கன்னடப் பக்கம். வீட்டுக்காரர் எந்த மொழியில் வரவேற்கிறாரோ அதில் பேசுங்கள். பெயரைக் குறிக்காதீர்கள், வீட்டுக்கு ஓர் எண் போதும்.

38 சதவீதம் என்று முடிவு வந்தால், அதை "33 முதல் 43 சதவீதத்துக்குள்" என்று எழுதுங்கள். 38.2 என்று புள்ளி வைத்து எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும்.

இதையெல்லாம்விட முக்கியமானது வரப்போகும் கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1 நள்ளிரவை ஆதாரமாக வைத்து நடக்கும் கணக்கெடுப்பின் இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில். சாதியும் கேட்பார்கள். பெங்களூரில் 2025 செப்டம்பர் முதல் பழைய மாநகராட்சிக்குப் பதில் ஐந்து மாநகராட்சிகள். நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31ஆம் தேதி நிலவரப்படி உறைந்துவிட்டதால், 84 லட்சம் பேருக்கு இருந்த ஒரே வரி இம்முறை ஐந்தாகப் பிரிய வாய்ப்பு இருக்கிறது. சிவாஜிநகர் அடங்கிய மத்திய மாநகராட்சிக்குத் தனி மொழி வரி வந்தால், 1949க்குப் பின் தண்டுக்கு ஓரளவு நெருக்கமான எண் அதுவாகத்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: 2011இல் இருந்த 198 வார்டுகளின் எல்லைகளும் மாறிவிட்டன. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பழைய வார்டையும் புதிய வார்டையும் ஒப்பிடக் கூடாது.

அந்த எண் சரியாக வர, வாசலில் நடப்பது சரியாக இருக்க வேண்டும். 2011 படிவத்தில் தாய்மொழி பத்தாவது கேள்வி. தெரிந்த பிற மொழிகள், அதிகபட்சம் இரண்டு, பதினொன்றாவது. கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர், கன்னடத்தில் கேட்பார். வீட்டம்மாவும் சரளமான கன்னடத்தில் பதில் சொல்வார். தாய்மொழிக் கேள்வி வரும்போது, இவ்வளவு நேரம் பேசிய மொழியையே கணக்கெடுப்பாளர் எழுதிவிட்டுப் போகலாம். அல்லது குடும்பத் தலைவருக்குக் கேட்டதையே எல்லாருக்கும் நிரப்பலாம். விதிமுறை அப்படி இல்லை. தாய்மொழி என்பது ஒருவருக்குச் சிறுவயதில் அவருடைய தாய் பேசிய மொழி. தாய் குழந்தைப் பருவத்திலேயே இறந்திருந்தால், அந்த வீட்டில் பேசிய மொழி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்க வேண்டும், சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

இதைச் சங்கக் கூட்டங்களில் இரண்டு பக்கமும் விளக்குங்கள். "தமிழ் என்று சொன்னால் ரேஷன் போய்விடுமா" என்று பயப்படுகிறவர்களிடம், தனிமனிதர் சொன்ன பதில் நீதிமன்றத்தில்கூடச் சான்றாக ஏற்கப்படாது என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த தெலுங்கு மருமகளுக்கும் தமிழ் என்றே எழுதச் சொல்கிறவர்களிடம், அது தவறான பதில் என்றும் சொல்லுங்கள். அவர் பிள்ளைகளிடம் தெலுங்கில் பேசி வளர்த்தால், அந்தப் பிள்ளைகளின் தாய்மொழியும் தெலுங்குதான். தமிழ் அவர்களுக்குத் தெரிந்த பிற மொழிகள் என்ற கேள்வியில் வரும். இம்முறை இணையத்தில் நாமே நிரப்பும் வசதியும் உண்டு. நிரப்பி முடித்தால் ஓர் அடையாள எண் வரும். கணக்கெடுப்பாளர் வரும்போது அதைக் காட்ட வேண்டும், ஆகவே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நிரப்பும்போது ஒவ்வொருவரின் மொழியையும் தனித்தனியே கொடுத்தீர்களா என்று சமர்ப்பிக்கும் முன் ஒரு முறை பாருங்கள்.